முழங்கால் ஒன்றும் மேசை நாற்காலி அல்ல

"முட்டி தேய்ஞ்சு போச்சு."

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். அதன் பின்னாலேயே இரண்டாவது வாக்கியம்: "உள்ளே கிரீஸ் வத்திடுச்சாம்." அப்புறம் மூன்றாவது: "இனிமே அதிகமா நடக்கக் கூடாதாம்."

இந்த மூன்றில் முதலாவது அரை உண்மை. இரண்டாவது தவறு. மூன்றாவது, நம்மில் பெரும்பாலானவர்களுக்கு, கெடுதல். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. கோபம் ஆறிய பிறகு படியுங்கள், ஆனால் படியுங்கள்.

நான் டாக்டர் அல்ல, சர்க்கார் குமாஸ்தா. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன். கோப்பு பார்ப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்பான். முழங்கால் விஷயத்திலும் அதையே கேட்டேன். ஊரில் சொல்வது ஒன்றாகவும், படித்தவர்கள் சோதித்துப் பார்த்து எழுதி வைத்திருப்பது வேறாகவும் இருக்கிறது.

முதலில் அந்தத் 'தேய்மானம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் அது எங்களுக்கு நெருங்கிய சொல். மேசை, நாற்காலி, தட்டச்சு இயந்திரம், சைக்கிள் எல்லாவற்றுக்கும் ஒரு பதிவேடு இருக்கும். வாங்கிய விலையில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் தேய்மானம் என்று கழித்துக்கொண்டே வருவோம். மதிப்பு ஒன்றுமில்லை என்று ஆனதும் கண்டம் செய்து ஏலத்தில் விடுவோம். அந்தக் கணக்கில் ஒரு விதி உண்டு. பொருளை உபயோகிக்க உபயோகிக்கத் தேயும், உபயோகிக்காமல் மூடி வைத்தால் நீடிக்கும். இந்த விதியைத்தான் நாம் யோசிக்காமல் முழங்காலுக்கும் போட்டுவிட்டோம். 'இத்தனை வருஷம் நடந்தாச்சு, மிச்சம் இருக்கிறதைப் பத்திரமா வச்சுக்கணும்' என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். நாற்காலிக்கு உயிர் இல்லை. முழங்காலுக்கு இருக்கிறது. கணக்கு முழுக்கப் பிசகுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது 'கிரீஸ்'. இந்த எண்ணம் கட்டை வண்டியிலிருந்து வந்தது. நமக்கெல்லாம் நினைவிருக்கும், அச்சில் மசகு காய்ந்துவிட்டால் சக்கரம் கிறீச்சிடும். வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றி, மசகு தடவி மறுபடி பூட்டுவார். நம் முட்டியிலும் 'மடக் மடக்' என்று சத்தம் கேட்டால் உடனே அந்த வண்டிதான் மனதில் வருகிறது. மசகு வற்றிவிட்டது, வெளியிலிருந்து போட வேண்டும் என்று நினைக்கிறோம். எண்ணெய் விற்பவர்களுக்கும் ஊசி போடுபவர்களுக்கும் இதைவிட வசதியான எண்ணம் வேறு கிடையாது.

சத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வலியோ வீக்கமோ இல்லாமல் முட்டியில் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. விரலில் சொடக்கு எடுத்தால் வரும் சத்தத்துக்குக் காரணம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழி. அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர், இடது கை விரல்களில் மட்டும் 50 ஆண்டுகள் தினமும் சொடக்கு எடுத்து, வலது கையைச் சும்மா விட்டுவைத்தார். கடைசியில் இரண்டு கைகளுக்கும் வித்தியாசம் இல்லை, எதிலும் மூட்டு நோய் வரவில்லை என்று 1998இல் எழுதினார். இதற்காக 2009இல் அவருக்கு 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசும் கொடுத்தார்கள். ஒரே ஒரு மனிதர் தன் மேலேயே செய்த சோதனை, பெரிய ஆதாரமாகாது. ஆனாலும் நம் பாட்டிமார் சொன்ன 'சொடக்கு எடுத்தால் கை கெட்டுப்போகும்' என்பதற்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லையே!

இனி மூட்டுக்குள் என்னதான் இருக்கிறது? நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் கொடுத்து, பார்க்க வைத்துச் சொல்லித்தரும் பாடம். ஒரு நாள் ஆசிரியர் கசாப்புக் கடையிலிருந்து வெட்டிப் பிரித்த ஆட்டுக்கால் மூட்டு ஒன்றைக் கொண்டுவந்து, எலும்பின் முனையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெள்ளை வெளேரென்று, சங்கு போலப் பளபளப்பு. விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் பிசுபிசுப்பு, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. 'சினோவி' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். பாரசெல்சஸ் என்ற மருத்துவர் 16ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. ஆட்டுக்கால் வாங்குகிறவர்கள், சூப்பு வைப்பதற்கு முன்னால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் பாதி அதிலேயே விளங்கிவிடும்.

அந்த வெள்ளைப் பூச்சுதான் குருத்தெலும்பு. முழங்காலில் அதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். மீதி, நார்களும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சில பொருள்களும். ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் திரவமோ, நல்ல முழங்காலில் ஒரு தேக்கரண்டிகூடத் தேறாது. ஒன்றிலிருந்து நான்கு மில்லி. இளைஞனுக்கும் அவ்வளவுதான். 'முன்பு நிறைய இருந்தது, இப்போது வற்றிவிட்டது' என்பதே கற்பனை.

அதைவிட ஒரு வேடிக்கை கேளுங்கள். கெட்டுப்போன முட்டியில் பல சமயம் திரவம் குறைவதில்லை, கூடிவிடுகிறது! முட்டி வீங்கி, டாக்டர் ஊசி போட்டு 20, 30 மில்லி நீர் எடுத்தார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதை 'எப்பான்ஷ்மான் த சினோவி' என்பார்கள். சினோவி வழிந்து தேங்கிவிட்டது என்று பொருள். அந்த நீர் அளவில் அதிகம், ஆனால் நீர்த்துப்போனது, வழவழப்புக் குறைந்தது. ஆகவே வற்றியது என்ற பேச்சு அங்கேயும் பொருந்தவில்லை.

சரி, அந்த ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான திரவம் எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது? சமதரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் இறங்கும் பாரம் உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. மாடிப்படி இறங்கும்போது மூன்றரை மடங்குக்குப் பக்கம். 60 கிலோ ஆள் என்றால் நடையில் 150 கிலோ, படியில் 200 கிலோவுக்கு மேல். இது ஊகம் அல்ல. செயற்கை மூட்டுக்குள் அளவுமானி வைத்து, நோயாளிகளை நடக்கவிட்டு அளந்த கணக்கு. 1986இல் இப்படியே இடுப்பு மூட்டில் அளந்தபோது, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் அந்தக் கணத்தில், ஓரிடத்தில் அழுத்தம் 18 மெகாபாஸ்கல் வரை போயிருந்தது. கார் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 80 மடங்கு.

இந்த அழுத்தத்தில் சாதாரண கிரீஸை வைத்தால் பக்கவாட்டில் பிதுங்கி ஓடிவிடும். இயந்திரத்தில் அச்சு வேகமாகச் சுற்றும்போது, அந்த வேகமே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, உலோகத்தோடு உலோகம் தொடாமல் தூக்கிப் பிடிக்கிறது. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ், 1886இல். மனித மூட்டும் அப்படித்தான் இருக்கும் என்று 1930களில் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு மருத்துவர் அதை மறுத்தார். முழங்கால் சுற்றுவதில்லை. கொஞ்சம் போய், நின்று, திரும்பி வருகிறது. நாம் மணிக்கணக்கில் நிற்கவும் செய்கிறோம். அப்போது எண்ணெயை உள்ளே இழுக்கும் வேகம் எங்கே?

விடைக்கு வழி காட்டியவர் கேம்பிரிட்ஜில் இருந்த சார்லஸ் மக்கட்சன். குருத்தெலும்பு ஒரு பஞ்சு, ஆனால் அதன் துளைகள் மிக மிக நுண்ணியவை என்பதை வைத்து 1959இல் அவர் விளக்கினார். சாதாரணப் பஞ்சை அழுத்தினால் தண்ணீர் உடனே வெளியே வந்துவிடும். இதில் அவ்வளவு சீக்கிரம் வர முடியாது. பாரம் இறங்கியதும் உள்ளே சிறைப்பட்ட தண்ணீரே பாரத்தைத் தாங்குகிறது. முதல் நொடிகளில் பாரத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் தண்ணீர்தான் சுமக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் அளந்தார்கள். கெட்டியான நார் சுமப்பது மீதிதான். உரசுவதும் அந்த மீதிதான். அதற்கும் மேலே ஒரு பூச்சு. ஹயலுரானிக் அமிலம், லூப்ரிசின் என்ற புரதம், கொழுப்புப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து மேற்பரப்பில் படிந்து, தொடும் இடத்திலும் தேயாமல் காக்கின்றன. லூப்ரிசின் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அபூர்வம். அவர்களுக்குச் சிறுவயதிலேயே மூட்டுகள் கெடுகின்றன. இத்தனையும் சேர்ந்த பலன் என்ன தெரியுமா? 100 கிலோ பாரம் அழுத்தினாலும், வழுக்கி நகர்த்த ஒரு கிலோ தள்ளுகூட முழுதாக வேண்டாம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பஞ்சை அழுத்தியபடியே அசையாமல் வைத்திருந்தால், மெதுவாகத் தண்ணீர் கசிந்து வெளியேறும். பாரம் நார் மீது இறங்கும். உரசல் ஏறிக்கொண்டே போகும். பாரத்தை எடுத்தால், அல்லது அசைத்தால், தண்ணீர் திரும்ப உள்ளே போகும். உரசல் குறையும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் இதுதான் நடக்கிறது. ஒரு கால் ஊன்றும்போது அழுத்தம், தூக்கும்போது விடுதலை. அழுத்தம் படும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வழுக்கும் அசைவே தண்ணீரைக் குருத்தெலும்புக்குள் திரும்பச் செலுத்துகிறது என்று அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் சோதித்துக் காட்டினார்கள்.

ரத்தக் குழாய் இல்லாத அந்தக் குருத்தெலும்புக்குச் சாப்பாடும் இதே வழியில்தான் போகிறது. பிழிந்து விடும்போது கழிவு வெளியே, விடுபடும்போது சத்து உள்ளே. மூட்டின் உறையிலிருந்துதான் திரவம் ஊறுகிறது. அந்த உறையைத் தனியாகப் பிரித்து விவரித்தவர் பிஷா என்ற பிரெஞ்சு மருத்துவர், 1800ஐ ஒட்டி. இன்றைக்கும் அது நமக்குள் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது, எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம். ஆனால் ஊறியதைக் குருத்தெலும்புக்குள் கொண்டு சேர்க்கும் பம்பு எது? நடைதான். கட்டை வண்டிக்கு மசகு போட வேண்டுமானால் நிறுத்த வேண்டும். முழங்காலுக்கு மசகு போட வேண்டுமானால் நடக்க வேண்டும். தலைகீழ்! நடக்காதே என்று சொல்வது, பம்பை நிறுத்திவிட்டுப் பயிர் வாடுகிறதே என்று அழுவது போல.

தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் அசைக்க முடியாமல் போனவர்களின் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சும்மா இருந்தால் நீடிக்கும் என்ற கணக்குப்படி அவர்கள் குருத்தெலும்பு புத்தம் புதிதாக அல்லவா இருக்க வேண்டும்? மெலிந்துபோயிருந்தது. இன்னொரு பக்கம், ஓடுகிறவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் ஒரு தொகுப்பு வந்தது. உடம்புக்காக மிதமாக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டு நோய் 100க்கு மூன்றரைப் பேருக்கு. உட்கார்ந்தே இருப்பவர்களில் 10 பேருக்கு. போட்டிக்காக ஓடுகிறவர்களில் 13 பேருக்கு. மூன்றாவது எண்ணையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் பாடம் இருக்கிறது. அளவு மீறினால் கெடுதல்தான். மூட்டை சுமந்தவர்கள், காலமெல்லாம் மண்டியிட்டு வேலை செய்தவர்கள் முழங்கால் கெடுவது கண்கூடு. அதற்காக, வாழ்நாள் முழுக்க என்னைப் போல நாற்காலியில் கழித்தவர்களும் 'ரொம்ப உழைச்ச முட்டி' என்று சொல்லிக்கொள்ளலாமா?

இதில் நஷ்டம் பணம் மட்டும் அல்ல. முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 79. ஒரு மருத்துவமனையில் எக்ஸ்-ரே எடுத்து, "கிரீஸ் இல்லை, மாடி ஏறாதீங்க, நடையைக் குறைங்க" என்று சொல்லி, ஊசிக்கு ஒரு பெரிய தொகையும் சொன்னார்கள். மருமகள் நல்ல பெண். "அத்தை, நீங்க உட்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று காபியிலிருந்து துணி மடிப்பது வரை தானே செய்தாள். எல்லாம் அன்புதான். இரண்டு வருடத்தில் அக்காவால் கழிப்பறையில் இருந்து துணையில்லாமல் எழ முடியவில்லை. முட்டி போன கதை அல்ல இது, தொடைச் சதை போன கதை. முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே தொடையின் முன்பக்கத் தசைதான். அது உபயோகம் இல்லாமல் சூம்பினால், குருத்தெலும்பு நன்றாக இருந்தாலும் கால் நிற்காது. வயதானவர்களை வைத்திருக்கும் வீடுகளுக்கு இதைத்தான் சொல்கிறேன். எதையும் செய்யவிடாமல் உட்கார வைப்பது மரியாதை என்று நினைக்காதீர்கள். அது எங்களைக் கண்டம் செய்வதற்கு முதல் குறிப்பு எழுதுவது.

இப்போது ஒரு பயிற்சியாளர் அம்மா வந்து, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பித்து வைத்திருக்கிறார். அக்காவுக்கு வலி போய்விடவில்லை. ஆனால் தானே எழுகிறாள். அந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

எண்ணெய், மாத்திரை, ஊசி பற்றியும் கேட்பீர்கள். எண்ணெய் தேய்த்தால் சூடும் கைப்பதமும் இதமாக இருக்கும். தேய்த்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அது தோலைத் தாண்டி, தசையைத் தாண்டி, மூட்டு உறையைத் தாண்டி உள்ளே போய் மசகு ஆகாது. குளுகோசமைன் மாத்திரையை அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்து 2006இல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக நிரூபணம் ஆகவில்லை. வலி அதிகம் இருந்த ஒரு சிறு பிரிவில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 100க்கு 60 பேர், வலி குறைந்தது என்று சொன்னார்கள்! 'எனக்குக் கேட்டுச்சே சார்' என்கிற நண்பர்கள் இந்த எண்ணை மனதில் வைக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு 2022இல் மூட்டுத் தேய்மானத்துக்கு எழுதியதைப் பாருங்கள். குளுகோசமைன் கொடுக்க வேண்டாம். ஹயலுரானிக் ஊசி போட வேண்டாம். உடற்பயிற்சி எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், எடை அதிகம் இருந்தால் குறைக்க வேண்டும். ஆரம்பத்தில் வலி கொஞ்சம் கூடலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊரில் அந்தக் கொஞ்சம் வலியைப் பார்த்துத்தான் எல்லோரும் இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறோம். எடையைப் பற்றி இன்னொரு கணக்கு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது.

முதல் வாக்கியத்தை அரை உண்மை என்றேன். அந்த அரையையும் சொல்லிவிட வேண்டும். குருத்தெலும்பு நிஜமாகவே கெடுவது உண்டு. கெட்டது பழையபடி வளருவது இல்லை. 1743இலேயே வில்லியம் ஹன்ட்டர் அதை எழுதிவிட்டார். மாற்று மூட்டு வைத்தே ஆக வேண்டியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல சிகிச்சைதான். முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, ஜுரம் சேர்ந்தாலோ, மடக்கியபடி பூட்டிக்கொண்டாலோ, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு இருந்தாலோ, என் கட்டுரையைப் படித்துவிட்டு நடக்கப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள். அடிபட்டால் சில நாள் ஓய்வும் வேண்டும். நான் எதிர்ப்பது இவற்றை அல்ல. எக்ஸ்-ரேயில் இடைவெளி குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதரை ஆயுசுக்கும் உட்கார வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். படத்தில் மோசமாகத் தெரியும் முழங்கால்களில் பல வலியே இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை யாராவது உங்களை நடக்காதே என்று சொன்னால், மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளைக்கு நடக்கக் கூடாது? நடப்பதற்குப் பதிலாக எந்தப் பயிற்சி செய்ய வேண்டும்? தொடைத் தசைக்கு என்ன வழி? மூன்றுக்கும் பதில் சொல்கிறவர் நல்ல மருத்துவர், அவர் சொல்படி கேளுங்கள். பதில் சொல்லாமல் ஊசியின் விலையைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். சமதரை, காற்று, கால் வலித்தால் உட்காரச் சுவர். முழுத் தூரமும் போக வேண்டாம். காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினாலும் போதும். அங்கே வர முடியாதவர்களுக்கு வீட்டுத் திண்ணையோ மொட்டை மாடியோ இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுங்கள். தண்ணீர்க் குவளையை நீங்களே போய் எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.